பத்து வீட்டுக் கூழ்

பிறர் பசியை அளக்கப் போகிறவன் முதலில் தன் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். இந்த ஞானம் எனக்கு என் இருபத்தொன்றாவது வயதில், ஆளை நிறுக்கும் எடை மேடையின் மேல் நின்றபடி, ஊரே பார்க்க வந்தது.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முன் நடந்தது இது. திண்டிவனத்தில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் அப்பாவின் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலைக் காட்டில், வெயில் காய்ந்துகொண்டிருந்தேன். (பாடுபட்டுக்கொண்டிருந்தேன் என்று எழுதத்தான் ஆசை. அப்பாவின் ஆவி சும்மா இருக்காது.) அப்போது, ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள், அது உடம்புக்குப் போதுமா என்று ஆராய்ச்சி செய்ய விழுப்புரத்துக்கு ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். பிழையில்லாமல் கூட்டல் போடத் தெரிந்த ஆள் வேண்டுமென்று தேடி, என்னை எடுத்துக்கொண்டார்.

வேலை இதுதான். கண்டமங்கலம் பக்கத்தில் கூலி வேலை செய்பவர்களின் சேரி ஒன்று. அதில் பத்து வீடுகள். இரண்டு வாரம் காலையும் சாயங்காலமும் நான் போய், அடுப்பில் ஏறுமுன் கேப்பை மாவு, அரிசி, கீரை, கருவாடு எல்லாவற்றையும் தராசில் நிறுத்து எழுத வேண்டும். சாப்பிடுகிற தலைகளையும் எண்ணி எழுத வேண்டும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஓர் ஆளுக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

அனுப்புமுன் டாக்டரம்மா ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னார்: "அவங்க வீட்ல எதையும் வாயில வைக்காதே. தண்ணிகூட கையோட கொண்டு போ."

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு படித்தவரையும் தீட்டு விடவில்லையே என்று வருந்தினேன். நானோ அந்தக் காலத்தில் சமத்துவக் கூட்டங்களில் தட்டித் தட்டிக் கை சிவந்தவன். (கூட்டம் முடிந்து வந்தால், அம்மாவுக்குப் பயந்து கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவேன். அது வேறு விஷயம்.)

முதல் வீடு அஞ்சலையுடையது. நடவுக்குப் போகிறவள். புருஷனும் மூன்று குழந்தைகளும். பத்து வீட்டுப் பெண்களுக்கும் அவள் பேச்சுதான் சட்டம் என்று போன சிறிது நேரத்திலேயே தெரிந்துவிட்டது. நான் நிறுத்து முடித்ததும் ஒரு சொம்பு கூழை நீட்டினாள். தயங்கினேன்.

"இன்னா ஐயா பாக்குறீங்க? எங்க ஊட்டு கேப்பைய தொட்டுத் தொட்டு நிறுத்தீங்க. குடிக்க மட்டும் ஆவாதா?"

ஒரே மூச்சில் குடித்தேன். புரட்சி செய்துவிட்ட பெருமிதத்தோடு மீசையைத் துடைத்துக்கொண்டேன். கூழும் அபார ருசி.

இரண்டாம் வீட்டில், "அஞ்சலை ஊட்ல குடிச்சிட்டு வர்றீங்க, எங்க ஊட்டுது கசக்குதா?" என்றார்கள். அதையும் குடித்தேன். மூன்றாம் வீட்டில் கூழோடு சுட்ட கருவாடு. பத்தாம் வீட்டை விட்டு வெளியே வந்தபோது, நான் சைக்கிளில் ஏற இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு நாளல்ல, பதினான்கு நாள் இப்படி. நான் தங்கியிருந்த அறையில் அடுப்பு பற்றவைப்பதையே விட்டுவிட்டேன். சமுதாயச் சீர்திருத்தம் செய்துகொண்டிருப்பதாக நினைப்பு. செய்ததெல்லாம் சாப்பாடு.

கடைசி நாள், டாக்டரம்மா எடை மேடையை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். தொடக்கத்திலும் இப்படித்தான் வந்து எல்லோரையும் நிறுத்திருந்தார். அன்று குழந்தைகள் மேடையைக் கண்டு அலறி ஓடியதால், பயம் தெளிய நான் முதலில் ஏறிக் காட்டினேன். பழக்க தோஷத்தில் அவர் என் எடையையும் எழுதி வைத்திருந்தார். இப்போதும் நானே முதலில் ஏறினேன்.

டாக்டரம்மா எடைக்கல்லை நகர்த்தினார். பழைய தாளைப் பார்த்தார். "இறங்கு" என்றார். "மறுபடி ஏறு" என்றார்.

"ஆறு ராத்தல் கூடியிருக்கே?"

"வேலை ஒத்துக்கிச்சும்மா" என்றேன்.

குழந்தைகளை நிறுத்தார். ஒருவரும் கூடவில்லை. இரண்டு பேர் இளைத்திருந்தார்கள். புங்கமரத்தடியில் உட்கார்ந்து என் புத்தகத்தைப் புரட்டியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உன் கணக்குப்படி இவங்க ஓரளவு நல்லாத்தான் சாப்பிடறாங்க. ஆனா சதை போட்டவன் நீ ஒருத்தன்தான். சாப்பாடு எங்கப்பா போச்சு?"

பூமி பிளக்கவில்லை. பிளந்திருந்தாலும் அந்த வயிற்றோடு நுழைந்திருக்க முடியாது.

அஞ்சலை முன்னால் வந்தாள். "தம்பிய திட்டாதீங்கம்மா. நாங்கதான் குடுத்தோம். ஊட்டுக்கு வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்புவாங்களா?"

"நீ குடுத்தது யாரோட பங்கு?"

பக்கத்து வீட்டுக்காரிதான் சிரித்துக்கொண்டே போட்டு உடைத்தாள்: "அவ பங்குதாம்மா. தம்பி குடிச்சிட்டுப் போனப்பறம் சட்டிய கழுவிக் குடிச்சிக்கினு நடவுக்குப் போவா. எங்க ஊட்லயும் அதே கததான்."

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. டாக்டரம்மா வாயில் வைக்காதே என்றது தீட்டுக்காக அல்ல, இந்தப் பங்குக்காக என்பது அப்போதுதான் உறைத்தது.

"இங்க பள்ளிக்கூடத்துக்குப் பால் கேட்டு சர்க்காருக்கு எழுதியிருக்கேன்" என்றார் டாக்டரம்மா. குரல் உயரவில்லை. "இந்தப் புத்தகம் இப்படியே போனா, இவங்களுக்கு என்ன குறைச்சல்னு கேட்டு ஃபைலை மூடிடுவாங்க. எந்த வீட்ல என்னிக்கு எவ்வளவு குடிச்சேன்னு ஞாபகம் இருக்கா?"

கூட்டலுக்குப் பேர் போன எனக்கு ஒரு சொம்புகூட நினைவில்லை. ஆனால் பெண்களுக்கு இருந்தது.

"சைக்கிள் பஞ்சராயி தள்ளிக்கினு வந்தாரே, அன்னிக்கி ரெண்டு சொம்பு."

"மழ பேஞ்ச அன்னிக்கி ஒண்ணுதான். ஆனா மல்லாட்டை ரெண்டு கை அள்ளிக்கினாரு."

"எங்க ஊட்ல கருவாடு நாலு. மூணுன்னு எழுதாதீங்கம்மா, நாலு!"

பதினான்கு நாள், பத்து வீடு, எழுதப் படிக்கத் தெரியாத பத்துப் பெண்கள். சோதிப்பதற்காக டாக்டரம்மா நடுநடுவே நாளை மாற்றிக் கேட்டார். சட்டென்று திருத்தினார்கள். வீட்டில் இருப்பதே ஒரு பிடி என்றால், அது எங்கே போனது என்பது மறக்கவா செய்யும்? சொம்புகளை வரவழைத்துத் தண்ணீர் ஊற்றி அளந்து, என் தீனியை வீட்டுக்கு வீடு கழித்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. ஒரு மனிதன் தின்றதை ஊர் கூடி இப்படி ஆராய்ந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கழித்த பிறகு நின்ற எண்களை டாக்டரம்மா மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து, "நீங்க பத்து பேரும் இல்லேன்னா பொய்க் கணக்கைத்தான் அனுப்பியிருப்பேன்" என்று அந்தப் பெண்களைப் பார்த்துக் கைகூப்பினார்.

அஞ்சலை கூசிப்போனாள். "இதுக்குப் போயி இன்னாத்துக்கும்மா கும்புடுறீங்க? தம்பிக்கு வேல போயிடாதில்ல?" என்றாள்.

போகவில்லை. அடுத்த பள்ளி வருஷத்தில் பாலும் வந்தது. என் புத்தகத்தால் வந்ததா, டாக்டரம்மா விடாமல் எழுதிய கடிதங்களால் வந்ததா, தெரியாது. முதல் நாள் பார்க்கப் போனேன். குழந்தைகள் உதட்டில் வெள்ளை மீசையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் அஞ்சலை கையில் ஒரு டம்ளரோடு என்னை நோக்கி வருவதைக் கண்டேன். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பறந்துவிட்டேன்.

அதன் பிறகு அச்சான படிவங்களின் அடியில் புதிதாக ஒரு வரி முளைத்தது: 'கணக்கெடுப்பவர் உண்டது.' இது எதற்கு என்று புதுப் பையன்கள் கேட்டால், இருமிக்கொண்டே வெளியே போய்விடுவேன்.

என் கல்யாணத்துக்கு வந்த டாக்டரம்மா, மணப்பெண்ணிடம் முழுக்கதையையும் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். அன்று முதல் எங்கள் வீட்டில் எந்தப் பந்தி நடந்தாலும், என் இலையோரம் ஒரு பென்சில் வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். போன மாதம் வந்த புது மருமகளுக்குக் கதை தெரியாது; ஏதோ குல வழக்கம் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. உப்பு வைத்தாள், ஊறுகாய் வைத்தாள், பிறகு மிகுந்த பக்தியோடு பென்சிலை வைத்துவிட்டு, "சரியான பக்கம்தானே வெச்சிருக்கேன், மாமா?" என்று கேட்டாள்.

சரியான பக்கம்தான் என்றேன்.