கடலுக்கு மேல் நின்ற விமானம்

விமானத்தில் பறப்பவர்கள் ஒரு வகை; அதைப் பறக்கவைப்பவர்கள் மற்றொரு வகை; இவ்விரண்டிலும் சேராமல், வரவேற்பறை நாற்காலியில் சாய்ந்தபடியே உலகத்து விமானங்களையெல்லாம் ஏற்றி இறக்குபவர்கள் மூன்றாம் வகை. வாசகரே, இவர்களுக்கு ஆகாயக் கணக்கர் என்று பெயரிடுகிறேன்.

உங்கள் உறவிலும் ஒருவர் இருப்பார். அக்காள் மகனுக்கு அயல்நாட்டில் வேலை என்றால் மற்றவர்கள் சம்பளத்தையும் குளிரையும் விசாரிப்பார்கள். இவரோ, நேர் விமானமா, நடுவில் இறங்கி மாறவேண்டுமா என்பார். பதில் எதுவானாலும் முகம் சுளிப்பார். பிறகு பழத்தட்டிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து, அதன்மேல் நூலை இழுத்துப் பிடித்து, வரைபடத்தில் நேராகத் தெரியும் வழி உருண்டைப் பூமியில் சுற்றுவழியாகிவிடுவதை, சாப்பிட எழுந்தவர்களை உட்காரவைத்து விளக்குவார். தாம் பறந்தது எத்தனை முறை? ஒரே முறை. அதுவும் நடு இருக்கை.

எங்கள் மேல்மாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற நில அளவையாளர் இவ்வகையின் தலைசிறந்த மாதிரி. மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவருடைய மகள், அவர் இன்னும் கையில் ஏந்தியிராத பேத்தியோடு சென்ற மாதம் வந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: வெளியே வரும்போது அப்பா விமான நிலைய வாசலில் நிற்கவேண்டும்.

நிற்பதற்கு அவரும் ஆயத்தமாகவே இருந்தார். சவரம் முடித்து, பாலிஷ் போட்ட ஷூவை மாட்டிக்கொண்டு, மகளின் விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் வரைபடத்தைக் கைப்பேசியில் திறந்துவைத்து உட்கார்ந்தார். திரையில், நடுக்கடலுக்கு மேலே, மஞ்சள் பொம்மை விமானம் அசையாமல் நின்றது.

"கொஞ்சம் முன்னாடியே போய் நிப்போமேங்க" என்றார் மனைவி.

"எதுக்கு, கால் கடுக்கவா? எதிர்காத்து பலமா இருக்கு. நகரவே இல்ல பாரு."

"ஆகாசத்துல எப்படிங்க நிக்கும்? நின்னா விழுந்துடாதா?"

இக்கேள்வியில் இருந்த அறிவியலை அவர் கவனிக்கவில்லை. எஞ்சிய தூரத்தை வேகத்தால் வகுத்து, காற்றுக்கென்று கொஞ்சம் கூட்டி, தரையிறங்க ஓடுபாதை கிடைக்கும்வரை வட்டமடிப்பதற்கென்று மேலும் கொஞ்சம் கூட்டினார். இடையிடையே முன்பின் தெரியாத எண்களிலிருந்து அழைப்பு வந்து படத்தை மறைத்தது. மூக்கின்மேல் உட்கார்ந்த ஈயை ஓட்டுவதுபோல் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் ஓட்டினார். முக்கியமான வேலையாக இருக்கும்போதுதான் கண்டவனும் கூப்பிடுவான் என்று சலித்துக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து வாசல்மணி அடித்தது. பெட்டியும் தோளில் உறங்கும் குழந்தையுமாக மகள் நின்றாள்.

"யார் யார்கிட்டயோ ஃபோன் வாங்கிக் கூப்பிட்டேன்பா. ஏம்பா கட் பண்ணிக்கிட்டே இருந்தீங்க?"

அவர் மகளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். விமானம் அதே கடலுக்கு மேல் நின்றுகொண்டிருந்தது. இரண்டில் எதை நம்புவது? ஒரு கணம், ஒரே ஒரு கணம், திரைதான் வென்றது.

"நீ இன்னும் கரையே தாண்டலையேம்மா" என்றார்.

மனைவி பெட்டியை வாங்கிக்கொண்டார். "உங்கப்பா இறங்கறதுக்கு இன்னும் நேரமாகும். நீ உள்ள வாடி."

மகள் குழந்தையை அவரிடம் நீட்டினாள். குழந்தையை வாங்க இரண்டு கைகளும் தேவைப்பட்டதால், அன்று முதன்முறையாக அவர் கைப்பேசியைக் கீழே வைத்தார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், அன்று வீசியது எதிர்காற்றா, பின்காற்றா என்று நடுவில் ஒரு நொடியாவது உங்கள் மனம் கணக்குப் போட்டிருந்தால், தயவுசெய்து உங்கள் கைப்பேசியை எடுத்துப் பாருங்கள். வரைபடத்தை விடுங்கள், தவறிய அழைப்புகளைப் பாருங்கள்.