கப்பலேறிய லேகியம்

கப்பலே மூழ்கினாலும் சரி, ஊறுகாய் இல்லாமல் அதில் கால் வைக்கமாட்டேன் என்று அப்பா சபதம் எடுத்தார். சபதம் கொஞ்சம் குழறலாகத்தான் வந்தது. வாயில் ஊறுகாய் இருந்தது.

எதிரில் அம்மா. கையில் கரண்டி. அம்மா வேலை பார்ப்பது மருந்துக்கடையில். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் "சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு" என்று சொல்லிச் சொல்லி அவள் குரலே மாத்திரை மாதிரி ஆகிவிட்டது. சின்னதாக இருக்கும். உள்ளே போய் வேலை செய்யும். அந்தக் கடையில் நடந்த குலுக்கலில்தான் எங்கள் மூன்று பேருக்கும் ஒரு வாரக் கப்பல் பயணம் விழுந்திருந்தது.

"ஒரு பாட்டில் கப்பலேறினாலும் என் மானம் கப்பலேறிடும், சொல்லிட்டேன்" என்றாள் அம்மா.

"ஊறுகாய்க்கும் மானத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் அப்பா.

"உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு ரயில்ல போனோமே, ஞாபகம் இருக்கா? என் பெட்டிக்குள்ள பாட்டில் உடைஞ்சுது. கல்யாண போட்டோ ஒண்ணொண்ணுலயும் நான் தனியா நிக்கிறேன். பக்கத்துல ஒரு ஈ காக்கா இல்ல. கல்யாணப் பொண்ணே மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கிறா."

"அது வெட்கம்."

"அது பூண்டு."

அப்பா அடுத்த கவளத்தை உருட்டினார். அந்தப் பூண்டு ஊறுகாய் அவரே போடுவது. அவருக்குச் சமைக்கத் தெரிந்த ஒரே பண்டம். ஆனால் அதைப் போடுகிற அன்றைக்கு எங்கள் வீட்டில் எவரும் கண்ணைத் திறக்கமுடியாது. அப்பா மட்டும் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு, ஆபரேஷன் செய்கிற டாக்டர் மாதிரி "அடுத்தது கடுகு" என்று கையை நீட்டுவார்.

"ஒரு வாரம்" என்றாள் அம்மா. "ஒரே ஒரு வாரம், வேற யாரோ சமைச்சதை நான் நிம்மதியா உட்காந்து சாப்பிடணும். பக்கத்துல இருந்து 'ஏதோ குறையுது, ஏதோ குறையுது'ன்னு ஒரு சத்தம் கேக்கக் கூடாது. அவ்வளவுதான் என் ஆசை."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"இப்பத்தான். ஊறுகாயை எடுக்கிறதுக்கு முன்னாடி."

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன். பார்வை சோதிக்கிற எழுத்துப் பலகைக்கு எதிரே, கப்பல் கவிழ்ந்தவர் மாதிரி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். கப்பலில் ஏறவே இல்லை, அதற்குள் கவிழ்ந்தாயிற்று.

"வாடி ரேடியோ" என்றார்.

வீட்டில் என் பெயர் அதுதான். எந்தக் குரலைக் கேட்டாலும் எனக்குத் தொண்டைக்குள் பதிவாகிவிடும். கணக்கு டீச்சர், பால்காரர், பக்கத்து வீட்டுக் குழந்தையின் அழுகை, எதுவானாலும் சரி. பக்கத்து வீட்டம்மா இரண்டு தடவை தூளியை வந்து ஆட்டிவிட்டுப் போயிருக்கிறாள், குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போதே.

அப்பா மேசைமேல் இரண்டு கண்ணாடிப் பாட்டில்களை வைத்தார். இரண்டிலும் கறுப்பாக, வழவழப்பாக, எண்ணெய் மினுக்க ஏதோ இருந்தது.

"இதுல எது ஊறுகாய், எது லேகியம்? இப்ப தெரியுதா? இப்ப?"

"தெரியலையேப்பா."

"தெரியாது. பார்வை விஷயத்துல என்னை நம்பு."

"அம்மா மருந்துக்கடையில இருக்காப்பா. மருந்துன்னு அவகிட்டயேவா?"

"உங்கம்மாவுக்குத் தெரிஞ்சதெல்லாம் மாத்திரை, டானிக். நாட்டு மருந்து அவ பாடமே இல்ல. எனக்கு முழங்கால் வலி வருது. வைத்தியர் லேகியம் குடுக்கறார். அதைக் கப்பலுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு எந்தப் பெண்டாட்டி சொல்லுவா?"

அன்று சாயங்காலமே அப்பாவுக்கு முழங்கால் வலி வந்தது. வீடு முழுக்க நொண்டினார். அடுத்த நாளும் நொண்டினார்.

"நேத்து இடது கால் இல்ல?" என்றாள் அம்மா.

"மாறி மாறி வருது."

"பாவம். ரெண்டும் முறை வெச்சு வலிக்குது போல."

அனுதாபம் வந்துவிட்டது, இனி வைத்தியர் பேசவேண்டியதுதான் என்றார் அப்பா. வைத்தியர் என்றால் கடைத்தெரு மூலையில் நாட்டு மருந்து விற்கும் பெரியவர். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் தொண்டையை இரண்டு தடவை செருமுவார். சொற்கள் மூக்கு வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். அவர் குரலைப் பிடிப்பது எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

அம்மா அடுப்படியில் இருக்கும் நேரம் பார்த்து நானும் அப்பாவும் குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டோம். கடையில் பழசாகக் கிடந்த போன் என் கையில். அப்பா கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தார். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"க்ஹூம். க்ஹூம். கண்ணாடிக் கடைக்காரர் வீட்டம்மாவா? வைத்தியர் பேசறேன் தாயி."

"சொல்லுங்க வைத்தியரே. குரல் என்னமோ கம்மியிருக்கே?"

"மூலிகை வாசம் தாயி, மூக்கிலயே நிக்குது. உன் வீட்டுக்காரர் காலைப் பாத்தேன். சாதாரண வலி இல்ல. ஒரு லேகியம் கிண்டிக் குடுத்திருக்கேன். கப்பல்ல போனாலும் விடக் கூடாது. சாப்பாட்டோட சாப்பாடா தொட்டுக்கணும்."

"தொட்டுக்கவா? அது என்ன ஊறுகாயா?"

"க்ஹூம். நாக்கு குழறிடுச்சு தாயி."

அப்போது பார்த்து குக்கர் விசில் அடித்தது. சுவர் வழியாக ஒரு விசில், போன் வழியாக ஒரு விசில்.

"அட, உங்க பக்கமும் குக்கர் கத்துதா வைத்தியரே?"

"கஷாயம் தாயி. கஷாயம் வேகுது."

"குக்கர்லயா?"

"காலம் மாறிப்போச்சே தாயி."

அப்பா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எனக்கும் தலைகால் புரியவில்லை. இவ்வளவு பெரிய விசிலையே தாண்டிவிட்டோம், இனி என்ன.

"சரி வைத்தியரே, பத்தியம் என்னன்னு சொல்லலையே?"

அப்பா இரண்டு கையையும் ஆட்டினார். தலையை ஆட்டினார். வாளியும் ஆடியது.

"பத்தியமா? இதுக்குப் பத்தியமெல்லாம் ஒண்ணும்..."

"பத்தியம் இல்லாத லேகியமா? நீங்க ஒரு பொட்டலம்கூடப் பத்தியம் சொல்லாம குடுக்கமாட்டீங்களே. என்னமோ சந்தேகமா இருக்கு. இருங்க, நேர்லயே வந்து கேட்டுக்கறேன்."

"வேண்டாம் தாயி, வராதே. சொல்றேன். புளி ஆகாது."

"சரி, அப்புறம்?"

"உப்பு ஆகாது."

"அப்புறம்?"

குரல் ஒரு தடவை ஏறிவிட்டால் நான் அதை ஓட்டுவதில்லை, அதுதான் என்னை ஓட்டும். வைத்தியருக்கு வேகம் பிடித்துவிட்டது. "எண்ணெய் ஆகாது. பொரிச்சது ஆகாது, சுட்டது ஆகாது. இனிப்பைக் கண்ணால பாக்கலாம், கையால தொடக் கூடாது. காரமும் கூடாது, காரணமும் கேக்கக் கூடாது."

அப்பா துண்டை எடுத்துக் கடித்துக்கொண்டார்.

"எதைத்தான் வைத்தியரே சாப்பிடலாம்?"

"கஞ்சி தாயி. அவிச்ச காய். ஆசைப்பட்டா சுடுதண்ணி."

"லேகியம் பட்டாணி அளவு, காலைல வெறும் வயித்துல. அப்படித்தானே?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் ஒரு கை நிறைய என்று காட்டினார்.

"அப்படித்தானே வைத்தியரே? இல்ல, நேர்ல வரட்டுமா?"

"பட்டாணியேதான் தாயி."

போனை வைத்தேன். அப்பா துண்டை வாயிலிருந்து எடுத்தார். "பாவி. வைத்தியம் பேசச் சொன்னா பத்தியம் பேசி என்னைப் பைத்தியம் ஆக்கிட்டியே."

"நான் இல்லப்பா. வைத்தியர் அப்படித்தான் பேசுவார்."

அப்பா வாளியிலிருந்து எழுந்தார். எழுந்த விதத்தைப் பார்த்தால் கோட்டை பிடிக்கப் போகிறவர் மாதிரி இருந்தது. "பரவால்ல. பாட்டில் ஏறுதில்ல? அது போதும். ஏறினப்புறம் நான் யாருன்னு காட்டறேன்."

அம்மா அன்றைக்கே பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டாள். "மருந்துன்னா என் பொறுப்பு." கடையிலிருந்து கொண்டுவந்த சீட்டை அதன்மேல் ஒட்டினாள். உள்ளுக்கு மட்டும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.

துறைமுகத்தில் சோதனை அதிகாரி அதைத் திறந்து மோந்து பார்த்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"எதுக்கு இது?"

"முழங்காலுக்கு" என்றார் அப்பா.

"தடவறதா, சாப்பிடறதா?"

"சாப்பிடறது."

அதிகாரி அப்பாவின் தோளைத் தட்டினார். "உடம்பைப் பாத்துக்கங்க சார்" என்று அனுப்பிவிட்டார். அப்பா ஏணிப்படியில் நொண்டவே மறந்து குதித்து ஏறினார்.

கப்பலில் எங்கள் அறையில் சுவரோடு பதித்த இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. எண் போட்டால்தான் திறக்கும். அம்மா நகையை மேசையில் வைத்தாள். லேகியத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

சாப்பாட்டுக் கூடத்தைப் பற்றிச் சொன்னால் அப்பாவுக்கு இன்னும் அழுகை வரும். வறுத்தது ஒரு வரிசை, சுட்டது ஒரு வரிசை, இனிப்புக்கென்று தனியாக ஒரு தெரு. அப்பாவுக்கு மட்டும் பரிமாறுகிறவர் ஒரு கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவருவார். வெள்ளைக் கையுறை போட்டு, குனிந்து, இளவரசருக்கு வைக்கிற மாதிரி வைப்பார். "உப்பில்லாமல், ஐயா." அம்மா முதல் நாளே சமையற்கூடத்துக்குச் சொல்லிவிட்டிருந்தாள்.

அப்பா விடவில்லை. ஒரு பட்டாணி கிடைத்தாலும் ஊறுகாய் ஊறுகாய்தானே. காலையில் அம்மா கரண்டி நுனியில் கொடுப்பதை நாக்குக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். கஞ்சி வரும்வரை பேசாமல் வைத்திருந்து அதோடு சேர்த்து அடிப்பது திட்டம்.

"முழுங்கிட்டீங்களா?"

"ம்ம்."

"வாயைத் திறங்க. ஆ. நாக்கைத் தூக்குங்க. சுடுதண்ணி குடிங்க."

இரும்புப் பெட்டியில் என் பிறந்தநாளைப் போட்டுப் பார்த்தார். கல்யாண நாளைப் போட்டுப் பார்த்தார். இரண்டு மூன்று தேதி போட்டார், கல்யாணம் என்றைக்கென்று சரியாகத் தெரியாததால். பெட்டி கீச்கீச்சென்று கத்தி அம்மாவை எழுப்பியது. "கால் வலிக்குது, அதான்" என்றார்.

பாதி வாரம் ஆனதும் அம்மா பாட்டிலைச் சாப்பாட்டு மேசைக்கே கொண்டுவந்தாள். கோழித் துண்டை அதில் தோய்த்தாள். சாப்பிட்டாள். கண்ணை மூடினாள்.

"அது என் மருந்து" என்றார் அப்பா.

"எனக்கும் முழங்கால் ஒரு மாதிரி இருக்கு. வைத்தியர்கிட்ட கேட்டேன். எனக்குப் பத்தியம் கிடையாதாம்."

எந்த வைத்தியரிடம் கேட்டாள் என்று நான் அப்போதே யோசித்திருக்கவேண்டும். தட்டில் வறுத்த உருளைக்கிழங்கு மலையாக இருந்தது. யோசிக்கவில்லை.

எங்கள் மேசையில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியரும் அவர் மனைவியும் உட்காருவார்கள். தலைமையாசிரியர் உப்பு கேட்டால்கூட வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி இருக்கும். முதலில் அவர் மனைவி ஒரு விரல் தொட்டுப் பார்த்தார். பிறகு அவர். பிறகு அந்த மேசையில் மருந்து இல்லாமல் யாரும் சாப்பிடவில்லை, நோயாளியைத் தவிர. நோயாளி எல்லார் தட்டையும் மாறி மாறிப் பார்த்தபடி கஞ்சி குடித்தார். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. ஒப்புக்கொண்டால் மிச்சமும் கடலுக்குப் போய்விடும் என்ற பயம். என் அப்பா எவ்வளவு வைராக்கியம் உள்ளவர் என்று அந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன்.

கடைசி நாள் விருந்தில்தான் அந்த வைராக்கியம் உடைந்தது.

"அபாரம்" என்றார் தலைமையாசிரியர், ரொட்டியால் தட்டைத் துடைத்துக்கொண்டே. "இந்த வைத்தியர் சாமானியர் இல்லம்மா. பூண்டு முழுசா இருக்கு, ஆனா வாயில வெச்சா கரையுது. தங்கக் கை."

"எங்க தெருக்காரர்தான் சார்" என்றாள் அம்மா. "அவர் கைக்கு ஈடே கிடையாது. எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்கார், ஊறுகாய் போடறேன்னு. வைத்தியர்கிட்ட பிச்சை வாங்கணும்."

அப்பாவின் கரண்டி கஞ்சியில் நின்றுவிட்டது. உப்பில்லாததைத் தாங்கினார். சுடுதண்ணீரைத் தாங்கினார். இதைத் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றார்.

"வைத்தியராவது வெங்காயமாவது. அதைப் போட்டது நான் சார். அது லேகியமே இல்ல, ஊறுகாய். ஒவ்வொரு பல்லா உரிச்சது நான். கருகாம வதக்கினது நான். இந்தக் கை சார்." கையை மேசைக்கு நடுவில் நீட்டினார். "முழங்கால் வலியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது."

பரிமாறுகிறவர் கிண்ணத்தோடு அப்படியே நின்றார். நான் உருளைக்கிழங்குக்குள் தலையை இறக்கினேன்.

அம்மா அதிரவே இல்லை. "அப்படியா, நீங்க போட்டதா?" என்று பாட்டிலை அப்பா பக்கம் நகர்த்தினாள். "அப்ப பத்தியமும் இல்ல. எடுத்துக்கங்க."

அப்பா பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். விளக்குக்கு நேராகப் பிடித்தும் பார்த்தார். அந்தப் பக்கத்துச் சுவர் தெளிவாகத் தெரிந்தது. கடைசியாக வழித்தெடுத்தது தலைமையாசிரியரின் ரொட்டியோடு போயிருந்தது.

"இப்படிச் சமைக்கிற மனுஷரை வெச்சுக்கிட்டு நீங்க எதுக்கும்மா அடுப்படியில வேகறீங்க?" என்று கேட்டார் தலைமையாசிரியர் மனைவி.

"இன்னிக்குத்தாங்க எனக்கே தெரியுது" என்றாள் அம்மா. "ஊருக்குப் போனதும் காலைச் சமையலும் மத்தியானச் சமையலும் இனி இவருதான்."

அப்பாவின் கை இன்னும் மேசைக்கு நடுவில்தான் நீட்டியபடி இருந்தது. அத்தனை பேர் முன்னால் தங்கக் கை என்று ஒத்துக்கொண்ட கை. மடக்கவும் முடியவில்லை.

"அப்ப ராத்திரிக்கு?" என்றார் ஈனக்குரலில்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டேன். அம்மா விரலைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ராத்திரிக்கு வைத்தியர்."