எண் பதினான்குக்கு உதவி தேவை

பள்ளியிலிருந்து வந்த உறையைப் பிரித்ததும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் உள்ளே இருந்த தாளை இரண்டு முறை படித்தார். நான்காம் வகுப்பு, எண் பதினான்கு. அது அவருடைய மகளின் எண். அந்தக் கிறிஸ்தவப் பள்ளியில் இந்த வருடம் மார்க்கே கிடையாது. யாருக்கு எதில் உதவி தேவை என்று கவனித்துத் தாளில் எழுதி அனுப்புவார்களாம்.

"பொறுமை குறைவு. கேள்வி முடியும் முன்பே பதில் சொல்லுதல். கழித்தலில் கடன் வாங்கும் இடத்தில் குழப்பம். ஜெபத்தில் தூக்கம். மூன்று வாரம் கவனிக்கப்படும்."

மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "அப்படியே உங்கள உரிச்சு வெச்சிருக்கு."

"பிள்ளையக் கழிச்சுக் கட்டப் பாக்குறாங்க, உனக்குச் சிரிப்பா இருக்கு."

"மார்க்கே இல்லங்கிறாங்க. அப்புறம் என்ன பயம்?"

"மார்க்குன்னா முப்பத்தஞ்சு வாங்கித் தப்பிச்சிரலாம். இதுல எவ்வளவு வாங்கினா பாஸுன்னே தெரியலையே."

கடையில் நாளெல்லாம் எழுத்துப் பலகையைக் காட்டி, "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க, அப்பத்தான் சரியான கண்ணாடி போட முடியும்" என்று ஊருக்கே புத்தி சொல்கிறவர் அவர். சொந்த மகள் விஷயத்தில் அந்த ஞானமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

மறுநாள் காலை ஐந்து மணிக்கே மகளை எழுப்பி, நாற்பத்திரண்டில் பதினேழைக் கழிக்கச் சொன்னார்.

"இருபத்தஞ்சுப்பா."

"அவசரப்படாத. ரெண்டுல ஏழு எப்படிப் போகும்? பக்கத்துல கடன் வாங்கு."

"வாங்கிட்டேன்பா."

"வாங்கினதத் திருப்பிக் கொடுத்தியா?"

"கொடுக்கணுமா?"

அவர் போட்டுக் காட்டினார். முப்பத்தைந்து வந்தது. ஒரே வாரத்தில் மகளுக்கும் முப்பத்தைந்தே வரத் தொடங்கியது.

அடுத்து பொறுமை. யார் என்ன கேட்டாலும் மனசுக்குள் பத்து எண்ணிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும் என்றார். சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். வகுப்பில் வருகைப் பதிவுக்குக் கூப்பிட்டபோதும் பத்து எண்ணினாள். டீச்சர் ஆப்சென்ட் போட்டுவிட்டார்.

ஜெபத் தூக்கத்துக்குத் தலையில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர். சளி பிடித்துக்கொண்டது. பள்ளியின் காலை ஜெபத்தில் ஆமென் வருவதற்குள் ஏழு தும்மல்.

மூன்றாம் வாரம் இரண்டாவது உறை வந்தது.

"பொறுமை முன்பைவிட மோசம். விடியற்காலையில் எரிச்சல். கழித்தல் அப்படியே உள்ளது. சனிக்கிழமை முதல் தனி வகுப்பு."

"விடியற்காலையில வீட்ல நடக்குறது இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பிள்ளைகிட்ட கேட்டிருப்பாங்க" என்றாள் மனைவி. இந்த முறை அவளும் சிரிக்கவில்லை.

தனி வகுப்பு என்றால் தோழிகளிடமிருந்து பிரித்து உட்கார வைப்பார்கள். மற்ற பிள்ளைகள் கேலி செய்யும். நன்றாக இருந்த குழந்தையை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தது தான்தான் என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

கடையைப் பாதியில் பூட்டிவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு பள்ளி அலுவலகத்துக்கு ஓடினார். தலைமை சிஸ்டர் அறையின் வாசலில், கிளார்க் அம்மா பதிவேட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், சிஸ்டரப் பாக்கணும். எம்பொண்ணத் தனியா உக்கார வெச்சிராதீங்க. அவ ஒழுங்காத்தான் கணக்குப் போட்டுட்டிருந்தா. நாந்தான் கெடுத்துட்டேன்."

"பாப்பா, உடம்பு சரியாயிருச்சா?" என்றார் கிளார்க் அம்மா.

மகள் அப்பாவைப் பார்த்தபடி எண்ணிக்கொண்டு நின்றாள்.

கிளார்க் அம்மா தாளை வாங்கி ஒருமுறை படித்தார். எண்ணைப் பதிவேட்டில் சரிபார்த்தார். பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாப்பாவ எதுக்கு சார் கூட்டிட்டு வந்தீங்க? இது வீட்ல பாடம் சொல்லிக்கொடுக்கிறவங்களப் பத்திப் பிள்ளைங்க சொன்னது; சனிக்கிழமை வகுப்புக்கு நீங்க மட்டும் வந்தாப் போதும்."