ராஜத்தின் இடது கன்னம்

கரவனெல்ல,
12.07.1998

பெருமதிப்பிற்குரிய மச்சான் முத்துவீரன் அவர்களுக்கு, உங்கள் தங்கை ராஜத்தின் கணவன் கன்னையா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே மழை. ரப்பர் மரம் வெட்டு இல்லை, ஸ்டோரிலும் வேலை குறைவு. மற்றபடி சுகம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும், முக்கியமாக என் மனைவியின் இடது கன்னமும் நலமாக இருக்க உங்கள் நிவித்திகலத் தோட்டத்து மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

போன கிழமை கிளினிக் முடிந்து பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, அவளைக் கூட்டிப்போக வந்த நீங்கள், "கன்னையா, இனிமே ராஜம் எங்ககூடவே இருக்கட்டும். ஒங்க வீடு அதுக்கு ஒத்துக்கல" என்று சொன்னீர்கள். நான் தலையை ஆட்டி அவளை உங்களோடு அனுப்பிவைத்தேன். சம்மதித்ததால் அல்ல, சொல்லவேண்டியதைச் சொல்லத் தைரியம் வராததால். இப்போது சொல்கிறேன். தயவுசெய்து கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

ஒரு வருடமாக அவளுக்கு இடது கன்னம், காது, கழுத்து எல்லாம் சிவந்து அரித்து நீர் வடிந்ததும், உங்கள் வீட்டுக்கு வந்தால் பத்து நாளில் ஆறியதும், இங்கே திரும்பிய இரண்டாம் நாளே மறுபடி கிளம்பியதும் உங்களுக்குத் தெரியும். தோட்டத்து டிஸ்பென்சரியில் ரோஸ் நிறத்தில் ஒரு தண்ணி மருந்து கொடுத்தார்கள், கன்னம் ரோஸ் ஆனதே தவிர அரிப்பு நிற்கவில்லை. அவள் முதல் தடவை உங்களிடம் வந்தபோது நான் வீட்டில் கருவாடு, தக்காளி, அன்னாசி மூன்றையும் நிறுத்தினேன். இரண்டாம் தடவை, பூனை மயிர்தான் காரணம் என்று பக்கத்து வீட்டில் சொன்னதால் பூனையைப் பஜாரில் மஹ்ரூப் நானா கடையில் விட்டுவிட்டு வந்தேன், நான் வீட்டுக்கு வந்து சேரும்போது அது எனக்கு முன்னால் வந்து அடுப்படியில் உட்கார்ந்திருந்தது. மூன்றாம் தடவை அவள் ஆசையாக வளர்த்த செவ்வந்திச் செடிகளையெல்லாம் பிடுங்கிப் போட்டேன். அதற்கு அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும், திட்டவில்லை. பிறகு ரப்பர் பால் உறையப்போடும் அசிட் என் சட்டையில் ஒட்டி வருகிறதோ என்று, கொட்டும் மழையில் வெளியே பீலித் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தேன், எனக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம். கடையில் யாரோ சொன்ன டியூப் ஒன்றையும் வாங்கிப் பூசினோம். இரண்டு நாள் அடங்கும், மூன்றாம் நாள் இரண்டு மடங்காக வரும்.

இந்த லட்சணத்தில்தான் தோல் ஸ்பெஷலிஸ்ட் மேடத்திடம் போனோம். அவர் கன்னத்தைப் பார்த்தது அரை நிமிடம், கேள்வி கேட்டது அரை மணித்தியாலம். வலது கன்னத்தில் எப்போதாவது வந்ததா என்றார். இல்லை என்றேன். தின்கிற சாமானால் வந்தால் ஒரு கன்னத்தை மட்டும் பார்த்தா வரும், இது வெளியிலிருந்து வந்து தொடுகிற ஏதோ ஒன்று என்று சிங்களத்தில் விளக்கினார். தமிழில் விசாரிக்க நர்ஸ் மர்லியாவைக் கூப்பிட்டார். அந்தப் பிள்ளை கூச்சமே இல்லாமல், "எந்தப் பக்கம் சாஞ்சி படுக்கிற நீங்க?" என்று கேட்டது. ராஜம் தலையைக் குனிந்துகொண்டு என்னைக் கையால் காட்டினாள். மச்சான், ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வியர்த்த வியர்வை இருக்கிறதே!

அடுத்த நாள், வீட்டில் அவள் மேல் படுகிற எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார்கள். சோப், பவுடர், தலையணை உறை, என் சட்டை, எல்லாம் உரப்பையில் கட்டிக்கொண்டு போனேன். அவள் முதுகில் முத்திரை ஒட்டுவதுபோல் அந்தச் சாமான்களையும் கிளினிக்கிலேயே இருந்த சில மருந்துகளையும் தடவிய சிறு சிறு துண்டுகளை வரிசையாக ஒட்டி, இரண்டு நாள் முதுகு நனையக் கூடாது என்று அனுப்பினார்கள். மூன்றாம் நாள் பிரித்தால் மற்றதெல்லாம் சுத்தம். ஒரே ஒரு இடம் மட்டும் தடித்துக் கொப்பளித்திருந்தது. அது தலைமயிருக்கு அடிக்கும் கறுப்புச் சாயத்தில் இருக்கும் மருந்தாம். ராஜத்துக்குப் பாதித் தலை நரை, தேங்காய் எண்ணெயைத் தவிர வேறொன்றும் அறியாதவள். மேடம் இரண்டு தடவை தாளைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி என் தலையைப் பார்த்தார்.

"மாத்தயாட்ட வயச கீயத?" என்று, அதாவது ஐயாவுக்கு என்ன வயது என்று கேட்டார்.

நல்ல வேளை, ராஜம் திரைக்குப் பின்னால் மர்லியாவோடு இருந்தாள். ஆமாம் மச்சான், நான் இருபத்திரண்டு வருடமாகச் சாயம் அடிக்கிறேன். இளநரை. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அடித்தது, பிறகு நிறுத்த வழி தெரியவில்லை. நன்றாக அலசினால் கறுப்பு போய்விடுமே என்று பாதி அலசலோடு விட்டுவிடுவேன், மிச்சம் வியர்வையோடு கழுத்துக்கும் தோளுக்கும் இறங்கும். அதிலும் அவள் உங்கள் வீட்டிலிருந்து திரும்பி வருகிற நாளென்றால் முதல்நாள் சாயந்தரமே கட்டாயம் அடிப்பேன், வருகிறவள் என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டுமே என்று. பூனையைத் துரத்தினேன், செவ்வந்தியைப் பிடுங்கினேன், வீட்டுக்குள் இருந்த விஷம் நான்தான். நினைத்தால் அழுகை வருகிறது.

மேடம் திட்டவில்லை. இத்தனை வருடம் ஒத்துக்கொண்ட தோலும் ஒருநாள் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகும் என்றார். கடை டியூப்பை மட்டும் குப்பையில் போட்டார், அது முகத்துத் தோலை மெலிய வைத்துவிடுமாம். வேறொரு களிம்பு கொடுத்து, மெல்லிசாக ஒரு கிழமை மட்டும் பூசச் சொன்னார். ராஜத்திடம், வீட்டில் இருக்கிற ஒரு சாயம்தான் காரணம், மிச்சத்தை மாத்தயா சொல்வார் என்று சொல்லிவிட்டு, அடுத்த கிளினிக்குக்குள் நான் சொல்லாவிட்டால் தானே சொல்லப்போவதாக என்னையும் எச்சரித்தார். நான் வீட்டுக்கு வந்ததும் மொட்டை போட்டுக்கொண்டேன். அதைப் பார்த்து லயத்து வீடுகளின் சனம் வரிசையாக வந்து, "ராஜம் அக்காவுக்கு என்னாச்சு?" என்று துக்கம் விசாரிக்கிறது. அவள் இல்லாமல் இந்த வீட்டில் என்னால் இருக்க முடியாது, மச்சான்.

ஆகவே நீங்கள்தான் அவளிடம் பக்குவமாகச் சொல்லி, ஏமாற்றுக்காரன் என்று வெறுத்துவிடாமல் அனுப்பிவைக்க வேண்டும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், உங்களுக்கு என் மொட்டைத் தலை தாழ்த்திய கும்பிடு.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
கன்னையா

பி.கு.: மச்சான், ராஜத்திடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். கவரை ஒட்டப் போகும்போது அவளே பையோடு வந்து நிற்கிறாள். கடிதத்தைப் பிடுங்கி முழுவதும் படித்தாள். "கல்யாணம் முடிஞ்ச மூணாம் நாளே தெரியும். தலகாணி ஒறையெல்லாம் கருப்பு. யாரு தொவச்சதுன்னு நெனச்சீங்க? எனக்காகத்தானே பூசுறீங்கன்னு விட்டுட்டேன். அதுதான் கன்னத்துக்கு வருதுன்னு நான் என்னத்தக் கண்டேன்?" என்று சிரித்தாள். எழுத வேண்டாம் என்று அவள் சொல்லியும் இன்னொன்றை எழுதுகிறேன், மன்னியுங்கள். உங்கள் தலைக்கும் அதே சாயப் பொடிதானாமே! "அப்ப ஒங்க அண்ணன் வீட்டுல மட்டும் ஏன் வரல?" என்று கொஞ்சம் ரோஷத்தோடுதான் கேட்டேன். என் மொட்டையைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"அங்க நான் யாரு தோள்ல சாயப்போறேன்?"