கை நனைக்காத தாய்மாமன்

என் ஒழுங்கைப் பற்றி எனக்கு எப்போதுமே பெருமை உண்டு. அந்த ஒழுங்கால் ஒரு கல்யாணமே நின்றுபோக இருந்தது. அதைச் சொல்லும்போதுகூட என் பெருமை குறைவதில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். (என் மனைவி இதைத் 'திருந்தாத கேஸ்' என்பாள்.)

வலங்கைமான் பக்கம் பாசனப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தினமும் காலை ஆறு மணிக்கு மதகில் நீர்மட்டம் பார்த்து எழுதுவது என் பொறுப்பு. இருபத்தாறு வருடமாக எழுதி எழுதி, கண்ணில் படுவதையெல்லாம் குறித்து வைக்கும் வியாதி வந்துவிட்டது. கூடவே ரத்த அழுத்தமும் வந்தது. மூன்று மாத்திரைக்கும் அடங்கவில்லை. கடைசியில் தஞ்சாவூரில் ஒரு டாக்டர், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பி ஒரு ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்று கண்டுபிடித்து, அதைத் தடுக்க ஒரு மாத்திரை எழுதினார்.

அதற்கு முன்பு என் ரத்தத்தில் பொட்டாசியம் குறைவாக இருந்ததால், தினம் ஒரு இளநீரும் இரண்டு வாழைப்பழமும் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். நான் சொன்னதைச் செய்கிற ஆள். புது மாத்திரை வந்த பிறகும் விடவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லையே! (டாக்டர் சொல்லியிருந்தார். நான் அப்போது மாத்திரையின் பெயரைப் பிழையில்லாமல் எழுதுவதில் மும்முரமாக இருந்தேன்.) பத்தாம் நாள் பரிசோதனையில் பொட்டாசியம் எல்லையைத் தாண்டியிருந்தது.

"சார், இந்த மாத்திரை பொட்டாசியத்தை வெளியே விடாது. நீங்களும் மேல மேல ஏத்தினா இதயத் துடிப்பு தடுமாறும். அடுத்த டெஸ்ட் வரைக்கும் இளநீர், வாழைப்பழம், தக்காளி, கீரை, உருளைக்கிழங்கு எல்லாம் தள்ளி வைங்க. வலி மாத்திரை எதுவும் நீங்களா வாங்கிப் போடாதீங்க. சோடியம் கம்மின்னு ஒரு உப்பு விக்கிறாங்க பாருங்க, அதைத் தொடவே தொடாதீங்க. அதுல பொட்டாசியம்தான் கலந்திருக்கு" என்றார்.

எழுதிக்கொண்டேன். கிளம்பும்போது, "இன்னொண்ணு. சில ஆம்பளைங்களுக்கு மார்பு லேசா வீங்கும், வலிக்கும். அப்படி இருந்தா வந்து சொல்லுங்க" என்றார்.

ஒரு வாரத்தில் அதுவும் வந்தது. ஐம்பத்திரண்டு வயதில், ஹார்மோன் மாத்திரை, மார்பு வலி என்று யாரிடம் சொல்வது? டாக்டரிடமே சொல்லவில்லை. மனைவியைத் தவிர ஒருவருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். ஆனால் நோட்டில் எழுதினேன். பொருள், சேரும், சேராது, குறிப்பு என்று நான்கு கட்டம். இன்றைக்கும் எடுத்துப் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும்.

இந்த நிலையில்தான் அக்கா மகள் இளமதியின் சம்பந்தம் வந்தது. அவள் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படித்தவள். குடவாசல் பக்கம் மாடுகளுக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில், மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பையனைப் பிடித்துவிட்டது. பையன் பள்ளிக்கூட ஆசிரியர். "இவர் இல்லன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். அக்காவும் அத்தானும் ஒருவழியாகச் சம்மதித்து, மாப்பிள்ளை வீடு பார்க்க நாள் குறித்தார்கள்.

எங்கள் உறவில் ஒரு வழக்கம். வீடு பார்க்கப் போகிறவர்கள் பிடித்திருந்தால் அங்கே சாப்பிடுவார்கள். பிடிக்காவிட்டால் தண்ணீரோடு எழுந்துவிடுவார்கள். வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. இலையில் கை நனைத்தால் சம்மதம். முதலில் நனைக்க வேண்டியவன் பெண்ணின் தாய்மாமன், அதாவது நான்.

இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் முதல்நாள் முழுக்க நான் யோசித்தது, போகிற இடத்தில் என்னென்ன சேராது என்பதைத்தான். அடுத்த பரிசோதனை திங்கட்கிழமை. வீடு பார்ப்பது ஞாயிறு. வழக்கம் என்ற ஒன்று நோட்டின் நான்கு கட்டத்திலும் இல்லை.

போய் இறங்கியதும் மாப்பிள்ளையின் அப்பா இளநீரைச் சீவிக்கொண்டு எதிரே வந்தார். குத்தகைக்கு நிலம் எடுத்து, மகனை ஆசிரியராக்கிய மனிதர்.

"வாங்க சார், இப்பத்தான் மரத்துலேருந்து இறக்குனது."

"வேண்டாங்க."

"வெயில்ல வந்திருக்கீங்க."

"பழக்கமில்லீங்க."

(தஞ்சை ஜில்லாவில் இளநீர் பழக்கமில்லை என்று சொன்ன முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன்.)

அடுத்து ஒரு தட்டு நிறையப் பூவன் பழம். சளி பிடித்திருக்கிறது என்றேன். அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இலை போட்டார்கள். முருங்கைக்காயும் தக்காளியும் போட்ட சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், கீரை மசியல், வாழைக்காய் பஜ்ஜி, தக்காளி ரசம். டாக்டர் கொடுத்த பட்டியலை எப்படியோ வரவழைத்து, அதைப் பார்த்தே சமைத்தது போல இருந்தது. நான் இலையின் இடது மூலையிலிருந்து ஒவ்வொன்றாக மனதுக்குள் அடித்துக்கொண்டே வந்தேன். வரிசையில் பதினான்கு பேர் கையை மடியில் வைத்துக்கொண்டு என் கையையே பார்ப்பதை நான் கவனிக்கவில்லை.

"கொஞ்சம் தயிர்சாதம் மட்டும் கிடைக்குமாங்க?"

சபையில் ஒரு பெருமூச்சு கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா ஓடிப்போய்ப் பிசைந்து எடுத்து வந்தார். கையைக் கொண்டுபோனேன்.

"நல்லா சாப்பிடுங்க சார், பயமே வேண்டாம். எங்க வீட்டுக்காரருக்கு பி.பி. இருக்கறதால நம்ம வீட்டுல எப்பவும் சோடியம் கம்மியான உப்புதான்" என்றார் அந்த அம்மா.

சாதத்துக்கு ஒரு அங்குலம் மேலே என் கை நின்றது. பிறகு திரும்பி வந்து என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

மாப்பிள்ளையின் அப்பா மெதுவாகச் சொன்னார்:

"சரி, இலையை எடுத்துரு." பிறகு என்னிடம், "சார், குத்தகை நிலம்னு நாங்க மறைக்கலையே. பொண்ணுகிட்ட முதல்லயே சொல்லித்தான் அனுப்பினோம். பிடிக்கலன்னா பரவாயில்லீங்க. ஆனா, சோத்துல கைய வைக்கப்போய் எடுத்தீங்க பாருங்க..." என்று நிறுத்திக்கொண்டார். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தபோதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது.

அக்கா அழவே தொடங்கிவிட்டாள். "டேய், உனக்கு என்னடா குறை இந்த வீட்டுல?"

"மச்சான், வாயத் திறந்து ஏதாவது சொல்லித் தொலைங்க" என்று அத்தான் பல்லைக் கடித்தார்.

சொல்லியிருக்கலாம். ஆனால் மாத்திரை என்றால் எதற்கு என்பார்கள். ஹார்மோன் என்றால் ஆம்பளைக்கு என்ன ஹார்மோன் என்பார்கள். அப்புறம் மார்பு வலி வரை போகும். வரப்போகும் கேள்விகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். அதற்குள் மாப்பிள்ளைப் பையன் வெளியே போய் இளமதிக்குப் போன் போட்டுவிட்டான். போனை ஸ்பீக்கரில் வைத்தபடி என் முன்னால் வந்து நீட்டினான்.

"மாமா, ஏன் கை நனைக்கல? அவரைப் பிடிக்கலையா?" என்றாள். குழந்தையிலிருந்து என் தோளில் வளர்ந்தவள்.

"மாத்திரைம்மா."

"என்ன மாத்திரை?"

முணுமுணுத்தேன்.

"சத்தமாச் சொல்லுங்க மாமா!"

சொன்னேன். போனிலேயே வெடித்துச் சிரித்தாள். "ஐயோ மாமா, இதை நாங்க நாய்க்குக் கொடுப்போம்! வயசான நாய், இதயம் சரியில்லாம வந்தா இதைத்தான் எழுதுவேன். இதுக்கா இவ்வளவு ரகசியம்?"

பதினான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். இது நாய் விஷயம் மட்டுமல்ல என்று நிரூபிக்க வேண்டிய அவசரத்தில், பையிலிருந்து நோட்டை எடுத்துச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினேன். சேராத பொருள் எல்லாவற்றையும் படித்தேன். ஒரு பதிவைப் பாதியில் நிறுத்திப் பழக்கமில்லாததால் குறிப்புக் கட்டத்தையும் படித்தேன்: "இடது மார்பு. தொட்டால் வலி. பனியன் உரசினால் கூடுதல்."

யாரோ இருமினார்கள். (அத்தான்தான். அது இருமல் இல்லை.)

மாப்பிள்ளையின் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏன் சார், வந்ததுமே சொன்னா நாங்க என்ன சிரிக்கவா போறோம்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

அவர் மனைவி சிரிக்கவில்லை. நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து, பேனாவோடு என் எதிரே உட்கார்ந்தார்.

"முட்டைக்கோஸ்?"

"சேரும்மா."

"சுரைக்காய்?"

"சேரும்."

"தக்காளி இல்லாம புளி ரசம்?"

"புளி கம்மியா இருந்தா ஒரு கரண்டி."

"சாதா உப்பு?"

"அரை உப்பு போதும்."

என் வாழ்நாளில் யாரும் என்னிடம் இவ்வளவு துல்லியமாகக் கேள்வி கேட்டதில்லை. பக்கத்து வீட்டில் சாதா உப்பு வாங்கி வந்து, நாற்பது நிமிடத்தில் புதிதாகச் சமைத்துவிட்டார். பிற்பகல் இரண்டு பத்துக்கு, பசியில் வாடிய பதினான்கு பேர் முன்னிலையில், நான் முட்டைக்கோஸ் பொரியலில் கை நனைத்தேன். "சாப்பிடுங்க சம்பந்தி" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. அதுவரை அவர் என்னைச் சார் என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

மறுநாள் பரிசோதனையில் பொட்டாசியம் எல்லைக்குள் வந்திருந்தது. டாக்டரிடம் மார்பு வலியையும் சொன்னேன். "இதை ஏன் சார் மூணு வாரமா வச்சிருந்தீங்க?" என்று கேட்டு, அதே வேலையைச் செய்யும் வேறு மாத்திரைக்கு மாற்றிவிட்டார். வலி போய்விட்டது.

இளமதி கல்யாணம் நன்றாக நடந்தது. ஆனால் என் பேர் கெட்டது கெட்டதுதான் என்று நினைத்திருந்தேன். போன வருடம் அத்தான் வீட்டுக்கு வந்தார். "மச்சான், என் தம்பி பொண்ணுக்கு வீடு பார்க்கப் போறோம். நீங்க வரணும்."

"அந்தப் பொண்ணுக்கு நான் தாய்மாமன் இல்லையே அத்தான்."

"கை நனைக்கிறதைத் தாய்மாமன் பார்த்துப்பார். நீங்க வந்து ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லுங்க, போதும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் போனேன். அந்த வீட்டில் நான் வேண்டாம் என்றதும், "எங்க வீட்டுல வந்து சாப்பிடலன்னா எங்க கௌரவம் என்னாகிறது?" என்று பெரியவர் எகிறினார். அக்கா கண்ணைக் காட்ட, எல்லோரும் தண்ணீரோடு எழுந்தோம். அடுத்த வீட்டில் நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள், "உடம்புக்கு என்ன சார், மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்றார் பையனின் அம்மா. அத்தான் என் காதருகே குனிந்து, "போதும் மச்சான், இனி நீங்க சாப்பிடலாம்" என்றார்.