முதல் பன்னை அப்பா தின்னாத மூன்று வாரங்கள்

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம், அம்மா நலம். அப்பா நலமா என்பதுதான் இந்தக் கடிதத்தின் கேள்வி. தொலைபேசியில் சொன்னால் நம் அடுமனை முழுக்கக் கேட்கும் என்பதால், உங்கள் பக்கம் வரும் மாவு வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அப்பாவுக்கு அடுத்த ஊசி நாளைக்கு. அதற்குள் நீங்கள் வந்துவிட வேண்டும்.

எடை குறைய வாரம் ஒரு ஊசி போடலாம், டாக்டரைப் பாருங்கள் என்று மருந்துக்கடையில் வேலை செய்யும் நீங்கள்தான் சொன்னீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் நூலகப் புத்தகத்தில் அதைப் பற்றிப் படித்தது முதல் எனக்குப் பயமாக இருக்கிறது. சாப்பாடு வந்து சேர்ந்ததும் குடல் ஒரு ஹார்மோனைச் சுரந்து, "போதும்" என்று மூளைக்குச் சொல்லி அனுப்புமாம். அந்தச் செய்தி சில நிமிடங்களில் கரைந்துவிடுமாம். ஊசி மருந்தும் அதே செய்தியைத்தான் சொல்கிறது, ஆனால் ஒரு வாரம் விடாமல் சொல்கிறது! ஒரு மனிதரிடம் வாரம் முழுக்கப் போதும் போதும் என்றால் அவர் என்ன ஆவார் அத்தை?

அடுப்பிலிருந்து வரும் முதல் பன்னை அப்பா பிய்த்துத் தின்று "ம்" என்று சொன்ன பிறகுதான் தட்டுகள் கடைக்குள் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று வாரமாக அதை என்னிடம் நீட்டி, "நீயே சொல்லு கண்ணு, எனக்கு வேணாம்" என்கிறார். அப்பா மனம் நோகக் கூடாதே என்று நானும் தினமும் "ம்" என்றேன். நேற்று ரொட்டி வாங்கிப் போன தையல்காரர் அந்தப் பையோடு திரும்பி வந்து, "என்னங்க இது, ரொட்டியா பஞ்சா? உப்புன்னு ஒண்ணு இருக்கிறதே மறந்துபோச்சா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அப்பா சண்டை போடவில்லை. "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். எதற்கெடுத்தாலும் கத்துகிற அப்பா! மூளைக்குக் கோபமும் போதும் என்று ஆகிவிட்டதோ, அடுத்தது கடை போதும், அப்புறம் நாங்களும் போதும் என்று ஆகிடுமோன்னு நினைச்சா அழுகை அழுகையா வருது.

இன்னும் பெரியதைச் சொல்லவில்லை. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் மாவு மூட்டை நிறுக்கும் தராசில் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவார், எண்ணை நான் படிப்பேன். முதல் ஞாயிறு தொண்ணூற்றாறு. அடுத்தது தொண்ணூற்றைந்து. இன்று எண்பத்தைந்து! எண்ணைச் சொல்லாமல் ஓடி வந்து இதை எழுதுகிறேன். வாரம் பத்துக் கிலோ என்றால் எட்டரை வாரத்தில் அப்பா என்று ஒருவரே இருக்க மாட்டார். சரி, ஊசியை நிறுத்திவிடலாம் என்றால், மூளை பழைய எடையைத்தான் தன்னுடையது என்று நினைத்துப் பசியைக் கூட்டி, உடம்பு செலவழிக்கும் சக்தியையும் குறைத்துவிடும் என்று அடுத்த அத்தியாயத்தில் போட்டிருக்கிறது. போட்டாலும் பயம், நிறுத்தினாலும் பயம். நீங்களே டாக்டரிடம் பேசுங்கள்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் எல்லாரும் நன்றாகப் பசித்து நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் பாப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்ட மைதாப் பசை எடுக்க மாவு அறைக்குப் போனேன். யாருமே ஏறாத தராசு மைனஸ் ஒன்பது காட்டியது. மாவு நிறுக்க வைக்கும் வெறும் டிரம்மின் எடையைக் கழிக்கும் பொத்தானை அழுத்திய அம்மா, அதைத் திரும்ப மாற்றவே இல்லையாம். ஆக, ஒன்பதைக் கூட்டினால் அப்பா தொண்ணூற்று நான்கு. அம்மாவிடம் உப்பைப் பற்றியும் கேட்டேன். "டாக்டர் அப்பாவுக்கு உப்பைக் குறைக்கச் சொன்னாருடி, அதான் மாவுலயே குறைச்சேன்" என்றார். கடைக்கே குறைத்துவிட்டார் அத்தை! காதில் விழுந்ததும் அப்பா ஒரு பன்னைப் பிய்த்து வாயில் போட்டார். "யாரைக் கேட்டுடி என் மாவுல கை வச்ச?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். நீங்கள் வர வேண்டாம்.

உப்புப் போட்டுச் சுட்ட புதுப் பன்னில் பாதியைத் தின்று, "ம்" என்று சொல்லி, மீதியை என்னிடம் கொடுத்து, "போதும்" என்றார். இந்த முறை எனக்குக் கொஞ்சம்தான் பயமாக இருந்தது.