பூசணிக்காய் ஆக்ஸில்

மெர்லுக்கு முதல் எதிரி அவன் வாய். மனைவி டார்லாகூட அப்புறம்தான்.

இரண்டிரண்டு வண்டியாக விடும் போன மாதக் கார் பந்தயத்தில் பச்சை விளக்கு எரிந்ததும் அவன் கார் ‘டக்’ என்றது. பின் சக்கரங்களைச் சுழற்றும் ஆக்ஸில் கட். பக்கத்து வண்டி கால் மைலை ஓடி முடித்துத் திரும்பியும் வந்துவிட்டது. இவன் வண்டி கோட்டிலேயே நின்று உறுமிக்கொண்டிருந்தது. அவனைத் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாதவர்கள் பெயரைக் கேட்டுக்கொண்டு சிரித்தார்கள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மேசையைக் குத்தினான். “அடுத்த தடவ முதல் சுத்துலயே தோத்தேன்னா கராஜைக் காலி பண்ணித் தரேன்!”

டார்லா சோளக்கதிரைக் கடிப்பதை நிறுத்தினாள். “நெஜமாவா?”

“நான் சொன்னா சொன்னதுதான்.”

“அப்ப ஆக்ஸிலையாவது பாத்து எடு. வெளிக்கூட்டைப் பாத்து மயங்காத. தெறந்து, உள்ள தண்டு எவ்ளோ தடின்னு பாரு. முறியிறது தண்டுதான்.”

“எனக்கே பாடமா? ஆமா, உனக்கு எதுக்கு கராஜ்?”

“ஜாம் ஜாடி அடுக்க.”

அந்தக் கோடை முழுக்க அவள் பக்கத்து வீட்டில் இருக்கும் தன் அண்ணன் ஓடிஸின் கொட்டகையில் ப்ளாக்பெர்ரி ஜாம் கிண்டினாள். முழங்கை வரைக்கும் கறுப்பாகத்தான் திரும்பி வருவாள். வீட்டுக்கு ஒரு ஜாடிகூட வந்ததில்லை. ஆக்ஸில் நினைப்பில் திரிகிறவன் ஜாடியையா தேடுவான்?

மெர்ல் பழைய இரும்புக் கடையெல்லாம் ஏறி இறங்கினான். எதுவும் பிடிக்கவில்லை. கடைசியில் சொந்தக் கொல்லையிலேயே கண்டுபிடித்தான். டார்லாவுக்கு அவள் அப்பா விட்டுப்போன பிக்கப். குனிந்து பார்த்தால் பூசணிக்காய் மாதிரி ஆக்ஸில் கூடு! மலை மலையாக வைக்கோல் இழுத்த வண்டி அது.

பந்தயத்துக்கு முந்தின நாள். டார்லா ஜாமுக்குப் போனாள். மெர்ல் பிக்கப்பைக் கட்டைமேல் நிறுத்தி, ஆக்ஸிலை முழுசாக உருவினான். வெளியே தெரியாதபடி சக்கரங்களைச் சும்மா சாத்தி வைத்தான். வெட்டினான், பற்றவைத்தான், காருக்கடியில் மாட்டினான். நிமிர்ந்தால் வேலிக்கு மேல் ஓடிஸின் தலை.

“மாப்ள, தெறந்து பாத்தியா?”

“யானை வாங்கினா வயித்தைக் கிழிச்சா பாப்பாங்க? போ மச்சான்.”

“தங்கச்சிகிட்ட சொல்லிட்டியா?”

“என் வீட்ல நான் யாரையும் கேக்கிறதில்ல.” பிறகு மெதுவாக, “நீயும் சொல்லிடாத.”

“நானா? சேச்சே!” தலை சிரித்துக்கொண்டே வேலிக்குக் கீழே போனது.

மறுநாள், முதல் சுற்று. வரிசையில் மெர்லுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டேஷன் வேகன் வந்து நின்றது. ஓடிஸின் கொட்டகையில் வருஷக்கணக்காகக் கோழி அடைந்த வண்டி. மெர்ல் விழுந்து விழுந்து சிரித்தான்.

“முட்டை விக்க வந்தியா மச்சான்?”

ஹெல்மெட் கண்ணாடி மேலே ஏறியது. உள்ளே டார்லா.

“ஏம்ப்பா, தெறந்து பாத்தியா?”

“நீ... ஜாம்...”

“ஜாமாம் ஜாம். பிக்கப்ல இருந்த தடித் தண்டு ரெண்டும் என் வண்டிக்கு எப்பவோ வந்துடுச்சு. தீவனக் கடைக்குப் போய்வர ஒல்லித் தண்டு போதும்னு அதுல மாட்டினேன். நீ திருடுவேன்னு தெரியும். தெறந்துகூடப் பாக்க மாட்டேன்னு நெனைக்கல.”

இப்போது விலகினாலும் தோல்விதான். கராஜும் போகும். மெர்ல் விலகுகிற ஆளா?

“ஒல்லியா இருந்தா என்னடி? மிதிக்கிறது யாரு, மெர்ல்!”

பச்சை. மிதித்தான்.

டக்.

வேகன் கோழியிறகு பறக்கப் பறக்கக் கோட்டைத் தாண்டியது.

இழுவைப் பட்டையோடு டார்லா திரும்பி வந்தபோதும் மெர்ல் ஸ்டியரிங்கை விடவில்லை. “நான் தோக்கல! ஓடினாத்தான தோக்க முடியும்? என் வண்டி நகரவே இல்ல. கராஜ் என்னுது!”

“சரிங்க, தோக்காதவரே.” பட்டையின் ஒரு முனையை அவன் காரில் மாட்டினாள், மறுமுனையை வேகனில். “கூட்டத்துக்கு முன்னாலதான் போகணும். கையை நல்லா ஆட்டிக்கிட்டே வா. ஓட்டுற வேலையை நான் பாத்துக்கறேன்.”